குவேனியின் வழக்கு

ஈழநாட்டின் முதற்கதை ஒரு கொள்ளைக் குடும்பத்தின் கதை என்று சொன்னால் நேயர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும், மகாவம்சத்தின் ஆறாம் ஏழாம் அதிகாரங்களை ஊன்றிப் படிப்போர்க்கு வேறு பெயர் சொல்லத் தோன்றாது. வழிப்போக்கரைத் தாக்கி வாழ்ந்த தந்தை. அவனைக் கொன்று பரிசுப்பணம் பெற்ற மகன். நாட்டார் பொறுக்கமாட்டாமற் கப்பலேற்றித் துரத்திவிட்ட பேரன். அந்தப் பேரனுக்காகத் தன் சுற்றத்தையே காட்டிக்கொடுத்த ஓர் இளம்பெண். இத்தனை பேரும் அங்கே உளர். அப்பெண்ணின் வாழ்வை முடித்துவைத்த மரக்கலம் வந்து நின்ற துறையோ நமது மாதோட்டம். மன்னார்த் தீவுக்கு எதிர்க்கரையில், திருக்கேதீச்சரம் கோயில்கொண்டிருக்கும் அதே மாதோட்டந்தான்.

விஜயன் வந்தான், குவேனியை மணந்தான், பின்னர்ப் பாண்டியன் மகளை மணந்தான் என்று மூன்று வாக்கியங்களில் இக்கதையைப் பள்ளிப் புத்தகத்திற் படித்து நாம் எல்லோரும் தேறிவிட்டோம். அம்மூன்று வாக்கியங்களுக்கும் இடையே நழுவி விழுந்தவை எவை என்று இவ்வாரம் பார்ப்போம்.

ஒன்றை முதலிலே சொல்லிவிடுதல் நன்று. மகாவம்சம் ஏறத்தாழக் கி.பி. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டளவில் மகாநாம தேரராற் பாளியில் இயற்றப்பட்டது. விஜயன் கரையேறியதாக அந்நூல் கூறும் காலமோ அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியது. ஆகவே, அதனை நடந்தது நடந்தபடி எழுதிய வரலாறாக இன்றைய ஆராய்ச்சியாளர் கொள்வதில்லை. கொள்ளாவிட்டால் என்ன? ஆயிரம் ஆண்டு காலம் ஒரு நாட்டு மக்கள் தம் தோற்றத்தைப் பற்றி இப்படியொரு கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்பதே பெரிய செய்தி அன்றோ. தம் முன்னோரைப் புகழ்ந்து கதை கட்டுவது உலக இயல்பு. இக்கதையோ அம்முன்னோரின் குற்றங்களை ஒளிக்காமற் சொல்கிறது.

வங்கநாட்டு அரசன் மகள் சுப்பதேவி, தன்னிச்சையாய் வாழும் விருப்பினால் அரண்மனையை விட்டுத் தனியே புறப்பட்டு, மகத நாட்டுக்குச் செல்லும் வணிகச் சாத்தோடு சேர்ந்துகொண்டாள். இடைவழிக் காட்டில் ஒரு சிங்கம் அச்சாத்தைத் தாக்கிற்று. மற்றையோர் ஓடினர், அவளோ சிங்கம் வந்த திசையிலேயே நடந்தாள். அதனோடு குகையில் வாழ்ந்து, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். சிங்கம் என்பது அப்பெயர் பூண்ட கொள்ளைத் தலைவன் ஒருவனையே குறிக்கும் என்று கருதுவோர் உளர். விலங்கென்றே கொண்டாலும் சரி, அதன் தொழில் வழிப்பறி என்பதில் ஐயமில்லை.

மகன் சிங்கபாகுவுக்குப் பதினாறு வயதாகும்போதுதான் கேள்வி பிறக்கிறது. "அம்மா, நீயும் தந்தையும் ஏன் ஒருவரையொருவர் ஒத்திருக்கவில்லை?" என்று கேட்கிறான். தாய் உண்மையைச் சொல்கிறாள். அப்படியானால் நாம் ஏன் போகவில்லை என்கிறான். உன் தந்தை குகைவாயிலைப் பாறையால் அடைத்து வைத்திருக்கிறார் என்கிறாள். அந்தப் பாறையைப் பெயர்த்தெடுத்து, தாயை ஒரு தோளிலும் தங்கையை மற்றத் தோளிலும் சுமந்துகொண்டு, தந்தை இரைதேடப் போயிருந்த வேளையில் அவன் வெளியேறிவிடுகிறான். பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பிலே இவ்விடத்தைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். வீட்டு வாயிலை அடைத்த பாறை எது என்பதை ஒவ்வொருவரும் தத்தமக்குள் எண்ணிப் பார்க்கிறார்கள் போலும்.

திரும்பி வந்த சிங்கம் மூவரையும் காணாமல், மகனை நினைந்து உண்ணாமலும் நீர் பருகாமலும் கிடந்தது. பிறகு அவர்களைத் தேடி எல்லையூர்களுக்குள் நுழைந்தது. ஊரார் அஞ்சி ஓடினர். அரசன் அதன் தலைக்கு ஆயிரம் பணம் விலை வைத்தான். அவ்வரசன் சுப்பதேவியின் தந்தையே என்பதை மறவாதீர்கள். ஒருவரும் முன்வராமையால் விலை இரண்டாயிரமாயிற்று, மூவாயிரமாயிற்று. இருமுறை தாய் மகனைத் தடுத்தாள். மூன்றாம் முறை அவன் தாயைக் கேளாமலே பணத்தைப் பெற்றுக்கொண்டான்.

மகனைத் தூரத்திலே கண்டதும் சிங்கம் அன்பு மீதூர எதிர்கொண்டு வந்தது. அவன் அம்பு தொடுத்தான். அம்பு நெற்றியிற் பட்டும் உடலிற் பாயாமல் திரும்பி அவன் காலடியில் விழுந்தது. மகன்மீது சிங்கம் வைத்திருந்த அன்பே காரணம் என்கிறது நூல். மூன்று முறை அவ்வாறு நிகழ்ந்தது. அதன் பின்னரே சிங்கத்துக்குச் சினம் மூண்டது. சினம் மூண்டபின் விட்ட அம்பு உடலை ஊடுருவிற்று. அன்புள்ளவரை அந்த உடலில் அம்பு பாயவில்லை என்று எழுதியவர் ஒரு துறவி. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1961இல் இக்கதையைச் சிங்கள நாடகமாக அரங்கேற்றினார். அது இன்றும் மேடையேறி வருகிறது. சிங்கள வீடுகளில் இக்கதையை அறியாத பிள்ளைகள் அரியர். நம் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சிங்கத்தின் தலையோடு மகன் திரும்பியபோது பரிசு அறிவித்த அரசன் இறந்து ஏழு நாளாகியிருந்தது. அமைச்சர் தந்த முடியை அவன் தாயின் இரண்டாம் கணவனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பிறந்த காட்டுக்கே போய்ச் சிங்கபுரம் என்னும் நகரை அமைத்தான். வீட்டை விட்டு ஓடியவன், ஓடிய இடத்துக்கே திரும்பிப் போய்க் குடியேறினான் என்க.

அவனுக்கு மூத்த மகன் விஜயன். பாட்டனின் தொழில் பேரனிடம் வந்தது. தன் கூட்டாளிகளோடு சேர்ந்து அவன் செய்த அடாத செயல்களைப் பொறாத நாட்டார் இருமுறை முறையிட்டனர். மூன்றாம் முறை, "உன் மகனைக் கொன்றுவிடு" என்றே அரசனிடம் கூறினர். தந்தையைக் கொன்றவனுக்கு மகனைக் கொல்லக் கை வரவில்லை. விஜயனுக்கும் அவன் கூட்டத்தார் எழுநூற்றுவருக்கும் பாதித் தலையை மழித்துக் கப்பலேற்றி அனுப்பினான். முதலிற் கரையேறிய சுப்பாரகத்திலும் அக்கூட்டத்தின் முரட்டுச் செயல்களால் தங்க இயலவில்லை. அங்கிருந்து வந்து இறங்கிய கரையே தம்பபண்ணி. அது மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலைப் பக்கம் என்பார் சிலர். அருவியாறு கடலோடு கலக்கும் பக்கம் என்பார் வேறு சிலர். எங்ஙனமாயினும் முத்துச் சலாபக் கரையை விட்டு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

இனிக் குவேனி.

மரத்தடியிலே துறவிப்பெண் போல அமர்ந்து அவள் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்று நூல் அவளை அறிமுகஞ் செய்கிறது. இயக்கர் குலத்தவள், மாயம் வல்லவள். விஜயனின் ஆட்களை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துப் பள்ளத்தில் எறிந்தாள். அவர்கள் கையிற் கட்டியிருந்த காப்புநூலினால் அவர்களை விழுங்க அவளால் முடியவில்லை. ஆட்களைத் தேடி வந்த விஜயன் குளக்கரையில் உள்ளே சென்ற அடிகளைக் கண்டான். வெளியே வந்த அடி ஒன்றையும் காணவில்லை. உடனே அவள் கழுத்திற் சுருக்கிட்டு, இடக்கையால் மயிரைப் பற்றி, வலக்கையில் வாளை ஓங்கி, "அடிமையே, என் ஆட்களைத் தா, இல்லையேற் கொல்வேன்" என்றான். உயிருக்கு அஞ்சிய அவள், ஆட்களைத் தருவதாகவும் அரசே பெற்றுத் தருவதாகவும் அவனுக்கு மனைவியாய்ப் பணிசெய்வதாகவும் வாக்களித்தாள். அவன் ஆணை பெற்றுக்கொண்டே வாளைத் தாழ்த்தினான்.

இதைக் காதல் என்று நாடகக்காரர் பாடுவதுண்டு. கழுத்திலே சுருக்கோடு தொடங்கிய உறவுக்கு அப்பெயர் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆயினும் கதை அங்கே நின்றுவிடவில்லை. ஆட்கள் வெளியே வந்தனர். அவளால் அழிந்த வணிகரின் கப்பல்களிலிருந்த அரிசியையும் பிற பொருள்களையும் எடுத்துக் காட்டினாள். அவளும் ஒரு கொள்ளைக்காரியே என்பதை நூல் மறைக்கவில்லை. சோறு சமைத்தார்கள். விஜயன் முதற் பங்கை அவளுக்குக் கொடுத்தான். அந்தச் சோற்றை உண்டபின் அவள் பதினாறு வயதுக் கன்னியாய் வடிவங்கொண்டாள். அரிவாள் போலிருந்த ஒருத்தி ஒரு பிடி சோற்றிலே குழைந்துபோனாள். அச்சத்தால் தொடங்கிய உறவு எந்த இடத்தில் அன்பாக மாறிற்று என்று சுட்டிக்காட்டச் சொன்னால், இந்த முதற் பங்குச் சோற்றையே நான் காட்டுவேன்.

அன்றிரவு தொலைவிலே பாட்டும் பறையும் கேட்டன. என்ன ஓசை என்றான். இயக்கர் நகரிலே தலைவன் மகளுக்குத் திருமணம், ஏழு நாள் விழா, சுற்றத்தார் எல்லோரும் அங்கே கூடியிருக்கிறார்கள் என்றாள். இன்றே அவர்களை அழித்துவிடு, பின்னர் இயலாது என்றாள். கண்ணுக்குத் தெரியாதவர்களை எப்படி வெட்டுவது என்று கேட்டான். "நான் குரல் கொடுக்கும் இடத்தில் வெட்டு; என் ஆற்றலால் உன் வாள் அவர்கள் உடலில் விழும்" என்றாள்.

கலியாண வீட்டுக்குள்ளே நின்று அவள் குரல் கொடுத்தாள். அவன் வெட்டினான். காலையில் அவன் இயக்கர் அரசனின் ஆடையை அணிந்துகொண்டான்.

நம் பட்டிமன்றங்களில் விபீஷணன் செய்தது சரியா, கும்பகர்ணன் செய்தது சரியா என்று எத்தனையோ முறை வாதாடிக் களைத்திருக்கிறோம். நானும் இரு பக்கமும் பேசியிருக்கிறேன். விபீஷணன் அண்ணனிடம் பலமுறை அறம் எடுத்துரைத்தான். கேளாதபோதே வெளிப்படையாகப் பிரிந்தான். குவேனி எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. விருந்துண்ண வந்தவர்களை இருளிலே காட்டிக்கொடுத்தாள். இதனை நியாயப்படுத்த என்னால் இயலாது. ஆனால் இன்னொரு வேற்றுமையும் உண்டு. விபீஷணன் சேர்ந்த பக்கம் அவனுக்கு முடிசூட்டி, இறுதிவரை அவனைத் தம்பியெனக் கொண்டாடிற்று. பெண்ணாய்ப் பிறந்த விபீஷணிக்குக் கிடைத்தது யாது?

தம்பபண்ணியில் நகர் எழுந்தது. அமைச்சர் முடிசூடுமாறு வேண்ட, உயர்குலத்துப் பட்டத்தரசி இல்லாமல் முடிசூடேன் என்றான் விஜயன். பாதித் தலை மழிக்கப்பட்டுத் துரத்தப்பட்டவன் குலம் பார்க்கத் தொடங்கிவிட்டான்! தென்மதுரைப் பாண்டியனுக்குத் தூது போயிற்று. பாண்டியன் தன் மகளையும், எழுநூற்றுவர்க்கு மணமகளிரையும், பதினெண் தொழிலாளர் குடிகளையும் கலங்களில் அனுப்பிவைத்தான். அவை வந்தடைந்த துறையை மகாதித்தம் என்று நூல் குறிக்கிறது. அதுவே மாதோட்டம்.

அப்போது குவேனிக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தனர். "பிள்ளைகள் இருவரையும் விட்டுவிட்டு நீ போ, மானிடரல்லாரைக் கண்டு மக்கள் அஞ்சுவர்" என்றான் விஜயன். அவள் நடுங்கினாள். எந்தச் சுற்றத்தைக் காட்டிக்கொடுத்தாளோ அந்தச் சுற்றத்தைத் தவிர அவளுக்குப் போக்கிடமில்லை. அழுதாள், மன்றாடினாள். "தாமதியாதே, ஆயிரம் செலவிட்டு உனக்குப் பலியிடச் செய்வேன்" என்றான். இதே விஜயன் பின்னர் ஆண்டுதோறும் மதுரை மாமனாருக்கு இரண்டு இலட்சம் பெறுமதியான முத்து அனுப்பிவந்தான் என்று அதே அதிகாரம் கூறுகிறது. ஆயிரத்தையும் இரண்டு இலட்சத்தையும் துறவியார் அடுத்தடுத்து எழுதிவிட்டுப் பேசாமற் போய்விடுகிறார்.

மேனாட்டு இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு இவ்விடத்தில் மெதேயாவின் நினைவு வரும். கொல்கிசு நாட்டு அரசன் மகளாகிய அவள், யாசோன் என்னும் கிரேக்க இளைஞன்மீது கொண்ட காதலினால் தந்தையின் பொற்கம்பளியைக் கவர உதவினாள். உடன்பிறந்தானின் கொலைக்கும் துணைநின்றாள். கிரேக்க நாட்டுக்கு வந்தபின் யாசோன் கொரிந்து நகரத்து அரசன் மகளை மணக்கத் துணிந்தான். அயல்நாட்டாள், மந்திரக்காரி, திரும்பிப் போக வீடற்றவள்! எவ்வளவு ஒற்றுமை பாருங்கள். எவுரிப்பிடீசு என்னும் புலவர் கி.மு. 431இல் இதனை நாடகமாக்கி ஏதென்சு நகரில் அரங்கேற்றினார். அந்த நாடகத்தில் மெதேயா தன் பிள்ளைகளைத் தானே கொன்று கணவனைப் பழிவாங்குகிறாள். குவேனியோ இரு பிள்ளைகளையும் கையிற் பிடித்துக்கொண்டு, தன்னைக் கொல்லக்கூடிய ஊரை நோக்கி நடக்கிறாள். ஊருக்கு வெளியே அவர்களை இருத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போகிறாள். மெதேயாவை உலகம் அறியும். குவேனியை மன்னாரில் உள்ளவர்களே முழுதாய் அறியார்.

நம் தமிழிலும் ஒருத்தி உண்டு. குண்டலகேசிக் காப்பியம் பெரும்பாலும் அழிந்துபோயினும் அதன் கதை எஞ்சியிருக்கிறது. கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட கள்வன் ஒருவனைக் கண்டு வணிகன் மகள் காதல் கொண்டாள்; பெற்றோர் பெரும்பொருள் கொடுத்து அவனை மீட்டு மணஞ்செய்வித்தனர். பின்னொரு நாள் அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துப்போய்க் கொல்ல முயல, அவள் அவனை முந்திக்கொண்டாள். இது வேறுவகைக் காதல். பெற்றோர்க்கு இக்கதையில் ஒரு செய்தி உண்டு. அதனை அவர்களே கண்டுகொள்வர்.

இன்றைய கரைக்கு வருவோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்க் கடல். 1914 முதல் அங்கே கப்பற் போக்குவரத்து இருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலிலே எல்லைக் கோட்டை வரைந்தன. கோடு வரைந்த இடமெல்லாம் அதனைக் களவாய்க் கடக்கும் தொழிலும் வளரும். பீடியிலை, பொன், கஞ்சா என்று பண்டங்கள் மாறின. 2020இல் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது மூட்டை மூட்டையாய் மஞ்சளே களவாய் வந்தது. நம் வீட்டுக் குழம்பிலும் அதில் ஒரு சிட்டிகை விழுந்திருக்கலாம். ஆகவே கடத்தற்காரரைப் பற்றிப் பேசும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திப் பேசுவது நல்லது. மன்னார்க் கரையோரத்தில் வலையையும் வள்ளத்தையும் நம்பி நேர்மையாய் உழைப்போரே பெரும்பாலார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனாற் களவுப் பண்டம் இறங்கும் வீடுகளிலும் பிள்ளைகள் பிறக்கிறார்கள். பதினாறு வயதும் வருகிறது. தந்தை எங்கே போகிறார் என்ற கேள்வியும், பள்ளியிலோ கோயில் திருவிழாவிலோ கண்ட ஒரு முகத்தின்மேல் விருப்பமும் ஏறக்குறைய ஒரே ஆண்டில் வந்துசேர்கின்றன. அந்த முகம் எதிர்க்கூட்டத்து வீட்டு முகமாய் இருக்கலாம்; சுங்கத்திலோ பொலிசிலோ வேலைபார்ப்பவர் வீட்டு முகமாயும் இருக்கலாம். அப்போது அந்தப் பெண் எந்தப் பக்கம் நிற்பாள்? தகவல் தருவோர்க்குச் சன்மானம் உண்டு. சிங்கபாகுவின் மூவாயிரம் இன்னும் செலவாகி முடியவில்லை.

சட்டம் இவளுக்கு எவ்வளவு இடங்கொடுக்கிறது என்று பார்க்கலாம். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, கணவன் மனைவியர் இல்லறத்திலே தமக்குள் பேசியவற்றை வெளியிடும்படி பொதுவாக அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. ஸ்டீபன் என்னும் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் 1872இல் இந்தியாவுக்கு வகுத்த சட்டத்தைத் தழுவியது இது. அதனால் கடலுக்கு அக்கரையிலும் இதே விதி நிலவிற்று. 2024 ஜூலையில் இந்தியா அச்சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் மாற்றியதேயன்றி விதியை மாற்றவில்லை. ஆனால் இக்காப்பு மணவாழ்க்கைக்கே உரியது. தந்தை மகளுக்குச் சொன்னதற்கும், அண்ணன் தங்கைக்குச் சொன்னதற்கும், காதலன் காதலிக்குச் சொன்னதற்கும் அப்பிரிவிற் காப்பில்லை. தந்தை ஆடு திருடியபோது மகன் சாட்சி சொன்னதை நேர்மையென்று ஒருவர் புகழ, எங்கள் ஊரில் தந்தைக்காக மகனும் மகனுக்காகத் தந்தையும் மறைப்பதிலேயே நேர்மை உள்ளது என்று விடையிறுத்த சீனத்து அறிஞர் கன்பூசியசு இதைக் கேட்டால் வருந்துவார். சட்டத்தின் நோக்கில் தாலியேறிய கழுத்துக்கே மௌனம் உரிமை.

நான் கன்பூசியசோடு முழுதும் உடன்படுபவன் அல்லேன். ஆட்டைப் பறிகொடுத்தவனுக்கும் ஒரு குடும்பம் உண்டு. கஞ்சா ஏறிய வள்ளம் வந்திறங்கும் ஊரில் அக்கஞ்சாவைப் புகைக்கப்போவது எவர் வீட்டுப் பிள்ளையோ. தந்தையின் களவிலே தானும் கைகொடாமல் விலகி நிற்கும் உரிமை ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் உண்டு. பாறையைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறிய அளவில் சிங்கபாகு எந்தக் குற்றமும் செய்யவில்லை. திரும்பிப் போய் அம்பு தொடுத்ததே வேறு. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். நாமும் அவர்களுக்குச் சொல்லவேண்டும். வெளியேற நினைக்கும் பிள்ளையிடம், "அப்படியானால் அவர்களைக் காட்டிக்கொடு" என்று உடனே கை நீட்டுவது, பாறையை மறுபக்கத்திலிருந்து அடைப்பது போலாகும்.

இன்னும் ஒன்று. காட்டிக்கொடுத்தவளைத் துரோகி என்று ஏச நம் நாவு உடனே எழுகிறது. அக்காட்டிக்கொடுப்பைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவனைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. இன்றைய குவேனிகளின் கதையிலும் இதுவே நிகழ்கிறது. அன்பைக் காட்டிச் செய்தியைப் பெறுவான். செய்தி கைக்கு வந்தபின் அவள் குலம் நினைவுக்கு வரும், ஊர் என்ன சொல்லும் என்பது நினைவுக்கு வரும், வீட்டார் பார்த்துவைத்த வேறொரு பெண்ணும் நினைவுக்கு வருவாள். தன்னவரை எனக்காக விட்டு வந்தவளுக்கு இனி என்னைத் தவிர வீடில்லை என்று உணராதவன் காதலைப் பற்றி வாய் திறக்கலாகாது. ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதனை வீட்டிலே சொல்லிக்கொடுத்தால் தகும்.

சிங்கள நாட்டார் வழக்கு இவ்விடயத்தில் மகாவம்சத்தைவிடக் கண்டிப்பானது. விஜயன் குவேனிக்குச் செய்த ஆணையை முறித்ததால் அவளுடைய பழி அவன் வழியைத் தொடர்ந்தது என்றும், அவனுக்குப்பின் அரசேறிய தம்பி மகன் பண்டுவாசுதேவனை அது நோயாய்ப் பற்றியது என்றும், அதனை நீக்கவே கொஹொம்ப கங்காரிய என்னும் சடங்கு முதன்முதல் ஆடப்பட்டது என்றும் கூறுவர். கண்டிப் பகுதியிலே அச்சடங்கு இன்றும் நடைபெறுகிறது. கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்காக இரவு முழுதும் பறை முழங்கி ஆடுகிறார்கள். நூலெழுதிய துறவியார் முப்பத்தெட்டு ஆண்டு நல்லாட்சி என்று கணக்கு முடித்துவிட்டார். பறையடிப்போர் இன்னும் கணக்கை முடிக்கவில்லை.

குவேனியின் முடிவைச் சொல்லாமல் விட்டேன். அவள் ஊருக்குள் நுழைந்ததும் இயக்கர்கள் அவளை அடையாளங் கண்டு, வேவு பார்க்க வந்தாள் என்று கூக்குரலிட்டனர். முரடன் ஒருவன் ஓங்கிக் குத்திய ஒரே குத்தில் அவள் இறந்தாள். விசாரணை இல்லை. அவள் தரப்பைக் கேட்டவர் இல்லை.

அவ்வூரில் அவளுடைய தாய்மாமன் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றி நூலில் இரண்டு மூன்று அடிகளுக்குமேல் இல்லை, பெயர்கூட இல்லை. அந்தக் கலியாண இரவில் அவனும் தன் உறவினரை இழந்திருப்பான் அன்றோ. மருமகளைக் காப்பாற்ற அவன் வாய்திறந்ததாகத் தெரியவில்லை. ஊரோடு பகைத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. ஊருக்கு வெளியே அவன் வந்தபோது இரண்டு குழந்தைகள் தனியே இருக்கக் கண்டான். யார் பிள்ளைகள் நீங்கள் என்று கேட்டான். குவேனியின் பிள்ளைகள் என்றார்கள்.

"உங்கள் தாயை இங்கே கொன்றுவிட்டார்கள். உங்களைக் கண்டாலும் கொல்வார்கள். விரைந்து ஓடிவிடுங்கள்" என்றான்.

மூத்தவன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சிவனொளிபாத மலை இருக்கும் திசையை நோக்கி ஓடினார்கள்.